ஒரு காயின் விதை, இரண்டு தோட்டம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தக் கத்திரிக்காய் விவகாரத்தில் நியாயம் என் பக்கம் இருப்பதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள். நானும் நாலு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் இருக்கிறது. இரண்டு பக்கமும் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். நடுவில் நான் மட்டும் வருடா வருடம் கத்திரி போடுகிறேன். விதை கடையில் வாங்கியது இல்லை. நான் பிறந்த வீடு மண்ணாடிப்பட்டுப் பக்கம். கல்யாணமாகி முதல் தடவை அங்கே போனபோது, அப்பா செடியிலேயே பழுக்க விட்டிருந்த ஒரு கத்திரிக்காயைப் பறித்துவந்தார். மஞ்சளாகிக் கனிந்திருந்தது. அதைப் பிளந்து, விதையைக் கழுவி, முறத்தில் காயவைத்து, செய்தித்தாளில் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். ஒன்று எனக்கு. இன்னொன்று எனக்கு முன்பே பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த அக்காவுக்கு.

ஒரே காய், இரண்டு பொட்டலம். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். எனக்கும் இது மட்டும்தான் சந்தேகமில்லாமல் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் இப்போது குழம்பிக் கிடக்கிறது.

அடுத்த வருடமே தம்பி, தோட்டம் வேண்டாம், ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லி நிலம் முழுவதும் கரும்பு போட்டுவிட்டான். அப்பாவிடம் இருந்த விதை அதோடு போய்விட்டது. அவருடைய கத்திரி என்று உலகத்தில் மிஞ்சியது என்னிடம் இருந்ததும் அக்காவிடம் இருந்ததும்தான்.

எனக்கு விதை விஷயத்தில் கறார் அதிகம். முதல் பறிப்பிலேயே நல்ல செடியாகப் பார்த்து, அதில் பெரிதாக, பளபளவென்று நிற்கும் காயைத் தேர்ந்தெடுப்பேன். பழந்துணியில் ஒரு கிழிசல் எடுத்து அந்தக் கிளையில் கட்டிவிடுவேன். துணி கட்டிய காயை வீட்டில் யாரும் தொடக்கூடாது. என் மாமியார் ஒருமுறை தெரியாமல் பறித்துச் சாம்பாரில் போட்டதற்கு மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. விதைக்கு விட்டது போக மற்றதெல்லாம் வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போகும். மார்க்கெட்டில் கழித்துப் போட்டதை வீட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

இருபது வருடம் போல இப்படியே ஓடியது. என் காய் வருடத்துக்கு வருடம் அழகாகிக்கொண்டே வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கிற பிள்ளை எப்போது வளர்ந்தது என்று தாய்க்குத் தெரியாது, அந்த மாதிரிதான்.

அப்பா ஒரு மாசி மாதத்தில் போனார். மறுவருடம் அதே திதியில் தம்பி வீட்டில் படையல். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைத்து, காக்கைக்குப் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவோம். அப்பாவுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பில் கிடக்கும் கத்திரிக்காய். கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கத்திரிக்காயைத் தேடித் தின்பவர். அது அவருடைய கத்திரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் காலையிலேயே ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தாள். பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அவள் கையில் வயர் கூடை. கூடையில் கத்திரிக்காய்.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னதாக, நிறம் மங்கி, காம்பெல்லாம் முள். ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தேன். உள்ளே விதை நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. என் காயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரு சாதி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. தம்பி மனைவி இரண்டு கூடையையும் பார்த்துவிட்டு, எதைக் குழம்பில் போடுவது என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், பாவம். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா கொண்டாந்தது அப்பா காயே இல்ல. எங்கியோ கடையில வாங்கின பாக்கெட் வெத. அத எலையில வெச்சா அவரு தொடமாட்டாரு."

சமையலறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். அவளோ நான் வெட்டிப் போட்ட காயையும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். காக்கைக்குச் சோறு வைப்பதற்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் காக்கை வெகுநேரம் வரவில்லை. வெயிலுக்கு அது எங்கே ஒதுங்கியதோ என்று நான் சத்தமாகச் சமாதானம் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று படையலுக்கும் அக்கா வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு பெண்கள், இலைக்கு முன்னால் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு குழம்பு ஊற்றினேன். எனக்கு அவள் வேண்டும். ஆனால் தப்பு அவளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்ததால், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

போன வருடக் கடைசியில், ஒரு வேளாண் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கும் பெண் எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். பாகூர், வில்லியனூர் சுற்றுவட்ட ஊர்களில் நாட்டுக் கத்திரி வைத்திருப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கொழுந்து இலையைக் கிள்ளி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவர்மேல் எண் எழுதினாள். இலைக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்தால் எந்தக் கத்திரிக்கு எது உறவு என்று தெரியும் என்றாள். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அப்பா, மஞ்சள் காய், பொட்டலம் எல்லாம் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பாகூர்ப் பக்கம் ஒரு அம்மாவும் இதே கதையைச் சொன்னதாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாக்கெட் விதையைப் போட்டுவிட்டு அதற்கு அப்பா பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறாளா? அந்தப் பெண்ணை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நடந்ததை முழுக்கச் சொன்னேன். எங்கள் இரண்டு பேர் இலையையும் சோதித்து, எது அசல், எது கலப்படம் என்று எனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். பிறகு, அப்பாவின் காய் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"இதோ, இது மாதிரிதான்" என்று என் செடியைக் காட்டினேன்.

முள் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா கத்திரி பறிக்கும்போது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றிக்கொள்வது கண்முன் வந்தது. துணி எதற்கு? முள்ளுக்குத்தான். அப்படியானால் அவர் காயில் முள் இருந்திருக்கிறது. என் காயில் இல்லை. எப்போதிலிருந்து இல்லை?

யோசிக்க யோசிக்க வேறு ஒன்றும் ஞாபகம் வந்தது. நாற்றுப் பிடுங்கி நடும்போது முள் தெரிகிற நாற்றையெல்லாம் நான் வரப்பில் வீசிவிடுவேன். ஆரம்பத்தில் நிறைய வீசினேன். அப்புறம் அப்புறம் வீசுவதற்கு இல்லாமல் போனது. முள் தானாகவே நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தப் பெண் போன பிறகும் அன்று முழுவதும் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். மரம் மாதிரி கோடுகள் பிரிந்து பிரிந்து போயின. ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து இரண்டு கோடு கிளம்பி, தள்ளித் தள்ளிப் போய் நின்றன. ஒன்று நான், இன்னொன்று அக்கா.

"ஆன்ட்டி, ரெண்டுமே உங்க அப்பா வெததான். கடை வெத ரெண்டுலயும் கலக்கல. ஆனா இப்ப ரெண்டும் வேற வேற."

எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் பட்டாணிச் செடிப் பாடம் படித்து நல்ல மார்க் வாங்கியவள்தான் நான். ஒரே காயின் விதை எப்படி வேறு வேறாகும்? யாராவது ஒருத்தி திருடியிருக்க வேண்டும். திருட்டே நடக்காமல் பொருள் எப்படி மாறும்?

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். ஒரு காய்க்குள் இருக்கிற விதையெல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்காது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, முள்ளுக்கு ஒன்று, முள்ளில்லாததற்கு ஒன்று, சீக்கிரம் காய்க்க ஒன்று, மெதுவாகக் காய்க்க ஒன்று என்று கலந்திருக்கும். வருடா வருடம் நாம் எதை விதைக்கு விடுகிறோமோ அது நிற்கும், விடாதது அந்தத் தோட்டத்தைவிட்டுப் போய்விடும். போனது திரும்பி வராது. டி.என்.ஏ.வில் நான் புதிதாக எதையும் எழுதவில்லையாம். எழுதியிருந்ததில் எது மிஞ்சலாம் என்பதை மட்டும் முடிவு செய்திருக்கிறேனாம். இன்னொன்றும் சொன்னாள். சில குணங்கள் டி.என்.ஏ.வில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தூக்கிப் போட்டால் பக்கத்திலிருப்பதும் கூடவே போகும். முள்ளோடு சேர்த்து ருசியிலும் கொஞ்சத்தை நான் வரப்பில் வீசியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் நடக்கக்கூடியதுதான் என்றாள்.

"அப்போ எதுதாம்மா அசலு?"

அசல் என்று ஒன்று கிடையாது என்றாள். அப்பாவின் காயும் அசல் இல்லையாம். யாரோ, அவருக்கு முன்னால் யாரோ, ஆயிரக்கணக்கான வருடமாகக் கசக்கிற காட்டுக் காயிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வந்ததாம். எனக்கு எரிச்சலாக வந்தது. தீர்ப்புக் கேட்டால் இவள் நீதிமன்றமே இல்லை என்கிறாள். நாலு வருடமாகப் பிடித்துவைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. அக்காமேல் வைக்க முடியாது. என்மேல் வைத்துக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. நான் நல்ல காயைத்தானே விதைக்கு விட்டேன்? நல்லதைத் தேர்ந்தெடுத்தது ஒரு தப்பா?

"சரி, என்து அழகா ஆச்சு. அவுங்க காயி ஏன் அப்பிடி வத்திப்போச்சு? அவுங்க எப்பிடி வெத எடுக்கறாங்களாம்?"

எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. அக்காவிடமும் கேட்டிருக்கிறாள். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, "அத நீங்களே கேட்டுக்குங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

மாசி பிறந்திருந்தது. படையலுக்கு இன்னும் ஐந்து நாள். காலை பஸ்ஸில் பாகூருக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. டி.என்.ஏ. படம் போனில் இருந்தது. அதைக் காட்டினால் அதுவே பேசிவிடும் என்று நம்பினேன்.

அக்கா ஏரிக்கரைக்குக் கீழே தன் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு வருடத்தில் தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா. கொடத்துல தண்ணி கீது, குடி."

குடித்தேன். வரப்பில் உட்கார்ந்து போனை நீட்டினேன். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நீயே சொல்லு என்றாள். கோடு, மரம், ஒரே இடத்திலிருந்து பிரிவது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். எனக்கே சரியாகப் புரியாததை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசியில் விட்டுவிட்டேன்.

"நீ பாக்கெட் வெத போடலக்கா. நாந்தான் தப்பா பேசிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள், களையைப் பிடுங்கிக்கொண்டே.

அவள் தோட்டம் அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. என் தோட்டத்தில் இரண்டு பறிப்பு முடிந்துவிட்டது. ஒரு மாதம் பிந்திய தோட்டம். ஏன் இவ்வளவு தாமதம், எந்தக் காயை விதைக்கு விடுகிறாய் என்று கேட்டேன்.

"கடசியா செடி காயறப்போ எது மிச்சமோ, அதத்தான்."

கடைசியில் நிற்பது எப்போதும் பிந்திக் காய்த்த செடியின் காய்தான். யாருக்கும் வேண்டாத சின்னக் காய்தான். அதையே இருபது வருடம் விதைத்தால் தோட்டம் இப்படித்தான் ஆகும். இதற்கு டி.என்.ஏ. படம்கூட வேண்டாம், எனக்கே புரிந்தது. இத்தனை வருடம் விவசாயம் செய்கிற பொம்பளைக்கு இது தெரியாதா என்று பழைய எரிச்சல் வந்தது.

"மொத பறிப்புல நல்லதா நாலு காய வெதைக்கு விட்டா இன்னாக்கா? அதெல்லாம் இன்னா பண்ணுவ?"

அவள் நிமிர்ந்தாள்.

"மொத பறிப்பு அப்பாக்குல்ல?"

எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம் போலச் சொல்லிக்கொண்டு போனாள். அப்பாவின் தோட்டத்தைத் தம்பி கரும்பாக்கிய வருடத்திலிருந்து, முதல் பறிப்பில் வரும் நல்ல காயைக் கூடையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மண்ணாடிப்பட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவாளாம். அவர் இருந்தவரை ஒரு வருடமும் விட்டதில்லை. அடுத்த பறிப்பெல்லாம் வீட்டுக்கும் சந்தைக்கும். மிச்சம் விதைக்கு. வர வரக் காய் சின்னதாகிறதே என்று அப்பாவே ஒருமுறை கேட்டாராம். மண் அலுத்துப்போச்சு என்று சொன்னாளாம். அவரும் அதை நம்பினாராம்.

நானும் அப்பாவுக்குக் கத்திரிக்காய் கொண்டுபோயிருக்கிறேன். இல்லை என்று சொல்லமாட்டேன். மார்க்கெட்டில் கழித்துப் போட்டது. வளைந்தது, ஓரத்தில் சொத்தை உள்ளது. சொத்தையை அரிந்துவிட்டுப் போட்டுக்கோ என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு வருவேன். பிறகு அப்பாவிடம் நல்லா இருந்ததா என்று கேட்டால் நல்லா இருந்தது என்பார். அவர் என் காயைச் சொன்னாரா, அக்கா காயைச் சொன்னாரா என்று இப்போது யாரைக் கேட்பேன்?

அவள் தோட்டத்திலிருந்த நல்லதெல்லாம் வருடா வருடம் அப்பா வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதனால்தான் அவள் தோட்டம் வற்றியது. என்னுடையது அழகானதற்குக் காரணம், நல்லதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த அழகான காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அன்று அவள் கூடையைப் பார்த்து அப்படிச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அக்கா களைக் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, என் பக்கத்தில் வரப்பில் வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெண் சொன்ன இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் செடியையும் பூவில் மகரந்தம் மாற்றிச் சேர்த்து வளர்த்தால், நான் தொலைத்ததில் கொஞ்சம் இவளிடமிருந்தும், இவள் தொலைத்ததில் கொஞ்சம் என்னிடமிருந்தும் கிடைக்கலாம். அப்பாவின் காய் அப்படியே வராது. பக்கத்தில் எங்கேயாவது வந்து நிற்கலாம். அதற்கு இவள் தோட்டத்திலிருந்து முதல் பறிப்புக் காயின் விதை வேண்டும். சொல்லிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. ஐந்து நாளில் படையல். செடிகளுக்குள் முதல் காய்கள் நாலைந்துதான் நன்றாகத் திரண்டு நின்றன. அவற்றை விதைக்கு விட்டால் இலையில் வைக்கக் காய் இல்லை.

அவசரமாகத் திருத்திக்கொண்டேன். இந்தக் காய் இலைக்குத்தான் போகவேண்டும், அவருக்குப் பழகிய காய் இதுதான், விதையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், நீ கொண்டுவா, நானே குழம்பு வைக்கிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

அக்கா எழுந்து போய், இருந்ததிலேயே நல்ல காயாக ஒன்றைப் பார்த்து அதன் பக்கத்தில் குந்தினாள்.

"இத வெதைக்கு வுட்டுடலாம்டி. எலைக்கு உன் காய எட்தாந்துடு, நான் வரேன். மொத காயி அவரு நெறய தின்னுட்டாரு."

கைக்குட்டையைக் கிழித்து அந்தக் கிளையில் கட்டினேன். முடிச்சை இறுக்கும்போது காம்பு முள் கட்டை விரலில் ஏறிவிட்டது. எனக்கு முள் குத்தி இருபது வருடம் ஆகியிருக்கும். துணி சுத்திக்கணும்டி, மறந்துட்டியா என்று கேட்டுக்கொண்டே அக்கா என் விரலைப் பிடித்து முள்ளைத் தேடினாள்.